இருநூற்றுப் பத்து மீட்டர்

இந்த நாற்காலிக்கு வர
நான்கு முறை குரூப் ஃபோர் எழுதினேன்.
மூன்றாவது தடவை ஒரே கேள்வியில் போயிற்று.
நகராட்சிகளுக்கான சட்டத்திருத்தம் எத்தனையாவது?
எழுபத்து மூன்று என்று கறுப்படித்துவிட்டு வந்தேன்.
எழுபத்து நான்கு.
இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
யாரும் எழுப்புவதில்லை.

வேட்புமனு வாங்கிய வாரம்
மின்விசிறிக்கு நேர்கீழே என் மேசை.
பறக்கும் தாள்களின் மேல் ஒரு கோலி சோடா பாட்டில்.
கல்வித் தகுதி என்ற கட்டத்துக்கு
விரல் அகலம்தான் இடம்.
ஹரிகிருஷ்ணராஜுக்கு அது போதவில்லை.
லண்டன், எம்.பி.ஏ., பிறகு இன்னொன்று,
ஓரத்தில் ஏறி, மடங்கி,
'வழக்குகள் உண்டா' என்ற கட்டத்துக்குள் இறங்கிவிட்டது.

அடுத்து வந்தவள் குணபூஷணி.
தோளில் புதுத் துண்டு, விலைச்சீட்டு கிழிக்காமல்.
"நாலாவது பாதி வரைக்கும் போனேன், இன்னா போட்றதுக்கா?"
நான்காம் வகுப்பு என்றேன்.
"பாதின்னு போடு. நாளைக்கு எவனாவது கேப்பான்."
போட்டேன். பாதி.
மனசுக்குள் சிரித்தேன் என்பதையும்
இங்கேயே எழுதிவிடுகிறேன்.
முத்திரை குத்துகிற எனக்குத் தட்டச்சில் ஹையர் வேண்டும்,
இரண்டு மொழியிலும்.
முத்திரை குத்தப்படுகிறவளுக்கு
இருபத்தொரு வயது ஆனால் போதும்.

ஜெயித்தாள். நானூற்றுச் சொச்சம் ஓட்டு.
ஐப்பசியில் ஓட்டேரி நல்லா
படுக்கையறைகளுக்குள் படுக்க வந்தபோது
லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
மோட்டார் பம்ப்புக்காரனைக் கெட்ட வார்த்தையில் திட்டினாளாம்.
தண்ணீர் அதற்காக வடியவில்லை.
மூன்றாம் நாள் தானாக வடிந்தது.

தை பிறந்து, கோப்பு வந்தது.
பட்டறைக்காரர் இரண்டாவது சந்து,
மழைநீர் வடிகால், இருநூற்றுப் பத்து மீட்டர்,
பணி திருப்தியாக முடிந்தது.
உதவிப் பொறியாளர் பி.இ. கையெழுத்திட்டிருந்தார்.
செயற்பொறியாளர் எம்.இ.
தணிக்கை, பி.காம்., பச்சை மை.
நான் பக்க எண் போட்டேன்.
'திருப்தி'க்கு ஒற்று விடுபட்டிருந்ததைத் திருத்தினேன்.
கவுன்சிலர் கையெழுத்து மட்டும் பாக்கி.

"படிச்சிக் காட்டுமா" என்றாள்.
காட்டினேன்.
"எவ்ளோ நீளம்ன?"
இருநூற்றுப் பத்து.
பேனாவை மூடி வைத்தாள்.
"மூலைக் குழாய்லேர்ந்து எங்கூட்டு வாசல் வரைக்கும்
குடத்தோட நூத்திமுப்பது எட்டுமா.
அதோட சந்து முடிஞ்சிரும்.
மீதியை எங்க தோண்டுனாங்கோ, கடல்லயா?"

அறையில் எத்தனை பட்டம் இருந்தது என்று
அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன்.
என்னுடையதையும் சேர்த்து ஏழு.
ஏழும் ஏசி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தன.

இங்கே முடித்திருந்தால் நல்ல கவிதை.
ஆனால் சித்திரையில் அவள் மச்சானுக்கு
வண்டி நிறுத்தும் டெண்டர் கிடைத்தது.
அந்த ஆணையைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.
பிழை ஒன்றுகூட இல்லை.
நீளம் தெரிந்தவளுக்கு
நேர் தெரிந்திருக்க வேண்டுமென்று
எந்தக் கட்டத்திலும் கேட்கவில்லையே.

என்னையும் யாரும் கேட்டதில்லை.
நான்கு தேர்விலும், எண்ணூறு கேள்வியிலும்,
பொய்யான ஓர் எண்ணைப் பார்த்தால் என்ன செய்வாய்
என்று ஒரு வினா இல்லை.
இருந்திருந்தால் சரியான விடையைக் கறுப்பித்திருப்பேன்,
சந்தேகமே வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல்,
நாற்பத்தாறு ஏ பிடித்துப் போனேன்.
மூலைக் குழாயிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.
குடமில்லாத கை, செருப்புக் கால்.
நூற்று முப்பத்தேழு.
அதற்கு மேல் சுவர்.
சுவரில் ஹரிகிருஷ்ணராஜ் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்,
பெயருக்குப் பின்னால் எல்லாப் பட்டங்களோடும்,
அவர் முழங்காலில்
மழை நின்ற கோடு.